கீழே இருக்கும் எண்

உங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. வாக்குமூலத்தின் தலைப்பில் நேரம் எழுதுவீர்கள் அல்லவா, அது சரியாக இருக்கட்டும் என்றுதான். எண் என்று ஒன்றை எழுதினால் சரியாக எழுத வேண்டும். தேர்தல் அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தாறு வருடமாக நான் அந்த ஒரு வேலையைத்தான் பார்த்தேன்.

நீங்கள் தோண்டித் துருவிக் கேட்க வேண்டியதில்லை. நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சத்தம் போடுவதும் அழுவதும் எனக்கு வராது, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. கடைசியாகப் பேசியதும் "நீங்க அழவே மாட்டீங்களா?" என்ற ஒரு கேள்விதான்.

அலுவலகத்தில் எனக்குச் 'சதவீதம்' என்று பெயர். வைத்தது என் அண்ணன். சின்ன வயதில் சாப்பாட்டுக்கு நடுவே அம்மா "போதுமாடா?" என்று கேட்டபோது, "பசி அறுபது சதவீதம் போயிருக்கு" என்று சொன்னேனாம். அன்று பிடித்துக்கொண்டவர், ஒருநாள் அலுவலகத்துக்கு வந்த இடத்தில் எல்லோர் முன்னாலும் "டேய் சதவீதம்" என்று கூப்பிட்டுவிட்டார். அதோடு என் சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துபோனார்கள். அண்ணன் என்றால் எனக்கு உயிர், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாக்குப்பதிவு சதவீதத்தில் இரண்டே எண்கள். மேலே இருப்பது வந்து ஓட்டுப் போட்டவர்கள். கீழே இருப்பது பட்டியலில் பெயர் உள்ளவர்கள். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்து நூறால் பெருக்கினால் முடிந்தது. தேர்தலுக்குத் தேர்தல் அது குறைந்துகொண்டே வந்தால் எல்லோரும் மேலே உள்ள எண்ணைத்தான் திட்டுவார்கள். ஜனங்களுக்கு அக்கறை போய்விட்டது, நாடு கெட்டுவிட்டது என்று மேடை போட்டுப் பேசுவார்கள். கீழே உள்ள எண்ணை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

என் கருத்து எளிமையானது. ஓட்டுப் போடுகிறவர்கள் குறையவில்லை, பட்டியல்தான் ஊதிப் போயிருக்கிறது. செத்தவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். தொடர்ந்து மூன்று தேர்தலில் வராதவர்களைத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் நீக்கிவிட்டால் சதவீதம் தானாக நிமிர்ந்துவிடும். ஐந்து வார்டுகளை எடுத்துக்கொண்டு இதை எழுதினேன். நான்கில் நான் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. மூன்று தேர்தலின் எண்களை வைத்து நாலாவதை முன்கூட்டியே சொன்னேன், அரை சதவீதம்கூடத் தப்பவில்லை. எங்கள் இயக்குநர் லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். அவரே என் அறிக்கையைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தார். எல்லா மாவட்டத்துக்கும் இந்த முறையைக் கொண்டுபோகலாம், நானே நேரில் போய்ப் பயிற்சி கொடுக்கலாம் என்றார். படித்து முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அஞ்சு வார்டுன்னு தலைப்புல போட்டிருக்கீங்க. நாலுதானே இருக்கு. பதினேழு எங்கே?" என்று கேட்டார்.

பதினேழாம் வார்டு ஆற்றை ஒட்டின பள்ளம். நாலு தேர்தலில் அதன் சதவீதம் எழுபத்தொன்று, அறுபத்தாறு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று. கடைசித் தேர்தலில் பட்டியலில் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு பேர். வந்தது நானூற்றுத் தொண்ணூற்றொரு பேர். தொடர்ந்து மூன்று முறை வராதவர்கள் முந்நூற்று எழுபத்தெட்டு. என் கணக்குப்படி அவர்கள் அங்கே இல்லாதவர்கள்.

விதிப்படி முதலில் தபாலில் நோட்டீஸ் போக வேண்டும். பதில் வரவில்லையென்றால் வீடு வீடாக ஆள் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவர் ஒரு பெண்மணி. நடந்தே ஊரை அளப்பதால் எல்லோரும் அவரை நடையக்கா என்பார்கள். பத்து நாள் அலைந்துவிட்டு வந்து தாள்களை என் மேஜையில் வைத்தார். முந்நூற்று எழுபத்தெட்டுப் பெயரில் ஒன்பதுக்கு மட்டும் பெருக்கல் குறி. மிச்சம் முந்நூற்று அறுபத்தொன்பதுக்கும் டிக்.

"எல்லாரும் இருக்காங்க சார். தபால்காரர் பள்ளத்துல இறங்கறதே இல்ல, மேல ஒரு கடையில கட்டோட வெச்சுட்டுப் போயிடறார். அப்புறம் எங்க பதில் வரும்?" என்றார்.

"அப்ப ஏன் ஓட்டுப் போட வரலை?"

"பூத்தைத் தூக்கிட்டுப் போய் மேட்டு ஸ்கூல்ல வெச்சீங்களே. மூணு கிலோமீட்டர் ஏத்தம். லீவு கிடைக்காத ஜனம் சார், முட்டி வலிக்காரங்க வேற. வராம இருக்கறதுக்கும் ஆளே இல்லாம இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?"

நல்ல கேள்விதான். ஆனால் என் தாளில் அந்த வித்தியாசம் விழாது, ஐயா. இரண்டு பேருக்கும் அங்கே பூஜ்யம்தான்.

ஒரு பெண்மணி சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுப்பது முறையல்ல என்று விடுமுறை நாளில் நானே நேரில் போனேன். என் அண்ணன் வீடும் அங்கேதான், ஆற்றுக்கு மிக அருகில் இருக்கும் கடைசித் தெருவில். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். முன்னறை முழுக்கப் பிரித்துப் போட்ட மெஷின்கள். கால் வைக்க இடம் தேடித்தான் உள்ளே போக வேண்டும்.

"வாடா சதவீதம். வழி தெரிஞ்சுதா?" என்றார் அண்ணன்.

அண்ணி முழங்காலில் துணி சுற்றியிருந்தார். எழுந்திருக்க முயன்றவரை உட்காரச் சொன்னேன். பேச்சுவாக்கில், ஓட்டுப் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"தாராளமா எடு. நான் இருக்கேன்னு உன் அண்ணிக்குத் தெரிஞ்சாப் போதும்."

"இருக்கறது தெரியாமலா போகும்? ராத்திரியெல்லாம் குறட்டை," என்றார் அண்ணி.

மூன்று பேரும் சிரித்தோம். வயிறார டீ குடித்தேன். திரும்பும்போது தெருவில் வாசலில் நின்றவர்களையும் குழாயடியில் நின்றவர்களையும் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டே வந்தேன். நூற்று நாற்பது வந்ததும் நிறுத்திவிட்டேன். முழுக்க எண்ணினால் எழுதியாக வேண்டும். எழுதாத எண்ணை வைத்துக்கொண்டு தூங்குவது என் சுபாவத்துக்கு ஒத்துவராது.

டிக் குறியில் ஒரு வசதி உண்டு. குறுக்கே ஒரு கோடு இழுத்தால் பெருக்கல் குறி ஆகிவிடும். மறுநாள் காலை அலுவலகத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அதைச் செய்தேன். எதையும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. முந்நூற்று அறுபத்தொன்பது கோடு போட நாற்பது நிமிடம் ஆனது. அண்ணனின் வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு, அண்ணி அடுத்தது. அந்த இடத்தில் என் கை நிற்கவில்லை. நின்றிருந்தால் அது பாரபட்சம்.

நீக்கிய பிறகு பட்டியலில் ஐந்நூற்று எண்பத்துநான்கு பேர். மூன்று மாதத்தில் தேர்தல் வந்தது. பதினேழாம் வார்டில் நானூற்று எண்பத்தெட்டு ஓட்டு விழுந்தது. எண்பத்து மூன்று புள்ளி ஆறு சதவீதம். நான் முன்கூட்டிச் சொன்னது எண்பத்து நான்கு. ஐந்து வார்டும் ஒரே கோட்டில் நின்றதை இயக்குநர் திரையில் போட்டுக் காட்டியபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. மனைவிக்குத் தெரியாது, நான் அழுதிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். என் பெயரைத் தேர்தலுக்கு முன்பே பேப்பரில் பார்த்தாராம். தம்பிக்காகவாவது ஒரு ஓட்டுப் போடுவோம் என்று தேர்தலன்று மெஷினை மூடிவைத்துவிட்டு மேடு ஏறியிருக்கிறார்.

"லிஸ்டுல நான் செத்துட்டேனாம்டா. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, செத்தவனுக்குத்தான் கடைசியாத் தெரியுது. உன் அண்ணியும் அவுட்டு."

"ஏதோ தப்பு நடந்திருக்குண்ணே. பார்க்கிறேன்."

"பாரு, பாரு. அவசரம் இல்ல. செத்தவனுக்கு என்ன அவசரம்?" என்று சிரித்தார். அவருக்கு என் மேல் சந்தேகம் என்பதே வராது.

நடையக்காவுக்கு வந்தது. இரண்டு தேர்தலின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மூணு ஓட்டு குறைஞ்சிருக்கு, சதவீதம் மட்டும் முப்பத்திரண்டு ஏறியிருக்கு. கீழே இருக்கற எண்ணுல யார் சார் கை வெச்சது?" என்று கேட்டார். என்னிடம் படித்த பாடத்தை என்னிடமே ஒப்பித்தார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். முந்நூற்று அறுபத்தொன்பது பேரின் பெயர், வீடு, வயது, யாருக்கு நடக்க முடியாது, எந்த வீட்டில் கைக்குழந்தை என்பதுவரை தன் கையால் எழுதி வைத்திருந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்லலை சார். உங்க வேலைக்கு உலை வைக்கறது என் நோக்கம் இல்ல. மழைக்கு முன்னாடி இவங்களைத் திருப்பிச் சேர்த்துடுங்க. தண்ணி வந்தா மீட்புக்காரங்க உங்க பட்டியலை வெச்சுத்தான் பஸ் அனுப்புவாங்க."

"செஞ்சிடறேன்கா" என்றேன்.

மேல் இழுப்பறையில் வைத்தேன். அங்கிருந்துதான் நீங்கள் எடுத்தீர்கள். அதைக் கிழித்துப் போட்டிருந்தால் இன்று இந்த நாற்காலியில் நான் இல்லை என்று உங்கள் உதவியாளர் சொன்னார். ஆவணத்தை அழிப்பது என் வழக்கம் இல்லை. சேர்த்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் திருப்பிச் சேர்த்தால் சதவீதம் ஐம்பத்தொன்றுக்கு இறங்கிவிடும், ஏன் இறங்கியது என்று கேள்வி வரும், மற்ற நான்கு வார்டையும் சந்தேகப்படுவார்கள். அந்த நான்கும் சுத்தமான வேலை, ஐயா. ஒரு வார்டுக்காக அதைக் கெடுக்க மனம் வரவில்லை. பயிற்சிக்குப் போய்வந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மழை எனக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் புதன்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு மீட்புப் பிரிவிலிருந்து போன் வந்தது. மேலே அணையின் மதகைத் திறக்கிறார்கள், நாலரை மணிக்குப் பள்ளத்துச் சாலை முழுகிவிடும், அதற்குள் ஆட்களை ஏற்ற வேண்டும். பேசியவர் அனுபவஸ்தர் போல. பதற்றத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

"பதினேழுக்கு உங்க பட்டியல்ல எத்தனை பேர் சார்?"

"ஐந்நூற்று எண்பத்துநாலு."

"எங்க பழைய ஃபைல்ல தொள்ளாயிரத்து அறுபத்திரண்டுன்னு இருக்கே. இவ்வளவு வித்தியாசமா இருக்கு. எதை எடுத்துக்கட்டும்? ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க, டிப்போக்காரர் வேற கூப்பிடறார்."

ஒரு நிமிஷம் என்றார், மூன்று நிமிஷம் ஆனது. நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். எதிரே இயக்குநர் நின்றுகொண்டு என் பயணத்துக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மூன்று நிமிடத்தில் மனக்கணக்குப் போட்டேன். குழந்தைகளுக்குச் சேர்த்து ஒன்றரை மடங்கு எடுப்பார்கள், பஸ்ஸுக்கு ஐம்பது பேர். என் எண்ணுக்குப் பதினெட்டு பஸ். நடையக்காவின் எண்ணுக்கு இருபத்தொன்பது. பதினொரு பஸ் வித்தியாசம். உள்ளங்கை ஈரமாக இருந்ததால் போனைக் கை மாற்றிக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் திரும்ப வந்தார். "சொல்லுங்க சார். எது சரி?"

"புதுசுதான் சரி. பழைய பட்டியல்ல செத்தவங்கல்லாம் இருக்காங்க."

"நல்லவேளை, கேட்டேன். அந்தப் பதினொண்ணைப் பத்தாம் வார்டுக்குத் திருப்பறேன். ரொம்ப நன்றி சார்."

பத்தாம் வார்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பஸ்கள் சும்மா நிற்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு அண்ணன் கூப்பிட்டார். பின்னால் ஒரே சத்தம். சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசினார்.

"டேய், பஸ்ஸெல்லாம் போயிடுச்சுடா. எங்க தெருவும் பக்கத்துத் தெருவும் அப்படியே நிக்கறோம். டிரைவர் கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டான். இங்க கணுக்கால் அளவு தண்ணி. இன்னும் பஸ் வருமா, இல்ல உன் அண்ணியைத் தோள்ல போட்டுக்கிட்டு மேட்டுக்கு நடந்துடட்டுமா?"

இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. மூன்று கிலோமீட்டர். தூக்கிக்கொண்டு நடந்தாலும் போய்ச் சேரலாம். ஓட்டுப் போடப் போன அதே சாலைதான். ஆனால் ஐந்நூறு பேர் மேட்டுப் பள்ளிக்கு நடந்து வந்தால் அங்கே முகாமில் ஒவ்வொருவராகப் பெயர் எழுதுவார்கள். எழுதினால் கூட்டுவார்கள். கூட்டினால் ராத்திரிக்குள் அந்த எண் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்குப் பயணம்.

"வரும்ணே. வீட்டுலயே இருங்க. பதறாதீங்க" என்றேன்.

"நிச்சயமாடா? தலைக்கு மேல போயிட்டா அப்புறம் சாண் என்ன, முழம் என்ன."

"நான் சொல்றேன்ல."

"சரி, நீ சொன்னாச் சரி." போனை வைக்காமலே தெருவைப் பார்த்துச் சொன்னார், எனக்கு நன்றாகக் கேட்டது. "யாரும் நடக்க வேணாம்ப்பா. என் தம்பி ஆபீஸ்லருந்து சொல்றான். பஸ் வருதாம்."

நாலு இருபதுக்கு மறுபடியும் கூப்பிட்டார். மணி பதினான்கு தடவை அடித்தது. எடுத்தால் பொய் சொல்ல வேண்டியிருக்கும், அண்ணனிடம் ஒரே நாளில் இரண்டாவது தடவை பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் எடுக்கவில்லை.

செத்தவர்கள் நூற்று முப்பத்தொரு பேர் என்று உங்கள் தாளில் இருக்கிறது. சரியான எண்தான். அண்ணனையும் அண்ணியையும் முன்னறையிலேயே, மெஷின்களுக்கு நடுவே கண்டெடுத்தார்களாம். இருவரும் செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் பையோடு இருந்தார்களாம். பஸ்ஸுக்குத் தயாராக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் நெஞ்சு இருக்கிறது, ஐயா.

குறுக்கே கோடு போட்டது நான். தெரிந்தே குறைந்த எண்ணைச் சொன்னது நான். நடக்கவிருந்தவர்களை உட்கார வைத்ததும் நான்தான். மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மறுப்பு உண்டு. 'தவறான எண்ணிக்கை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும். உங்கள் மேஜையில் நடையக்காவின் புதிய தாள் இருக்கிறது, தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிகிறது. போன வாரம் மறுபடி வீடு வீடாகப் போயிருக்கிறார். செத்தவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் முகாமிலிருந்து பள்ளத்துக்குத் திரும்பாமல் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இன்று பதினேழாம் வார்டில் இருக்கும் வாக்காளர்கள் ஐந்நூற்று எழுபத்தொன்பது பேர். நான் கொடுத்தது ஐந்நூற்று எண்பத்துநான்கு. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. நான் தப்பான எண் சொல்லவில்லை, ஐயா. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.